மூன்றாவது செல்லும் புது சார்ஜரும்

ஆகஸ்ட், கடைசி ஞாயிறு

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும். தென்னை மட்டை பேயாட்டம் போடுகிற அந்த மூன்று மாதமும் என் ரிமோட் ஹெலிகாப்டருக்கு அலமாரிதான் கதி. காற்று கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்ததால் நேற்று பேட்டரிகளை வெளியே எடுத்தேன். 6எஸ் (ஆறு செல் தொடராக இணைத்தது) 5000 மில்லி ஆம்பியர் மணி லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், மொத்தம் மூன்று. ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது.

செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கித்தான் மூடி வைத்திருந்தேன், அதில் தப்பு இல்லை. பேட்டரி பழசாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் சார்ஜ் போட்டேன். முடிந்ததும், சும்மா இருக்காமல், ஒவ்வொரு செல்லையும் தனியாகச் சார்ஜரோடு இணைக்கிற பேலன்ஸ் பிளக்கின் ஏழு ஊசிகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சார்ஜர் திரையில் ஆறு செல்லும் 4.20. மீட்டரில் ஐந்து செல் 4.20, மூன்றாவது மட்டும் 4.26. அடுத்த பேட்டரியை மாட்டினேன், அதிலும் அதே மூன்றாவது செல்தான் 4.26. இரண்டு பேட்டரியிலும் ஒரே இடத்தில் தப்பு வந்தால் தப்பு பேட்டரியில் இல்லை. ஆறு வருடம் உழைத்த சார்ஜர் மூன்றாவது செல்லை மட்டும் குறைத்துக் காட்டி, 4.2 என்கிற எல்லையைத் தாண்டி ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பியதில் ஆச்சரியமே இல்லை.

செப்டம்பர், முதல் வாரம்

புது சார்ஜர் தேடும் படலம். எல்லாப் பெட்டியிலும் ஆம்பியரைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நானும் முன்பு அதைப் பார்த்து ஏமாந்தவன்தான். பழையதில் "5 ஆம்பியர்" என்று இருந்தது, கீழே பொடி எழுத்தில் 50 வாட். 6எஸ் முழுதாக ஏறும்போது 25.2 வோல்ட். 50-ஐ 25.2-ஆல் வகுத்தால் இரண்டு ஆம்பியர்தான் வருகிறது. மூன்று செல் பேட்டரிக்குத்தான் அது கிட்டத்தட்ட நாலு ஆம்பியர் கொடுக்கும். அதனால்தான் ஆறு நிமிடம் பறக்க இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறேன்.

என் பேட்டரியை 1சி-யில், அதாவது ஒரு மணி நேரத்தில் நிரப்பும் 5 ஆம்பியரில் ஏற்ற 5 × 25.2 = 126 வாட் வேண்டும். அப்படியானால் 80 வாட் பெட்டிகள் எல்லாம் கழிந்தன. நேராகக் கரன்ட்டில் சொருகுகிற ரகம் வசதிதான், ஆனால் என் பட்ஜெட்டில் வந்தவை எல்லாம் அந்த 80 வாட்டோடு நின்றன. கடைசியில் 10 முதல் 30 வோல்ட் வரை டிசி வாங்கிக்கொள்ளும் 300 வாட் சார்ஜர் ஒன்றைப் பிடித்தேன். இதிலும் ஒரு சூது உண்டு: உள்ளே 12 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் 144 வாட்தான் உள்ளே போகும். சூடாக வீணாவது போக வெளியே வருவது இன்னும் குறைவு. பெட்டியில் போட்ட 300 வேண்டுமானால் 24 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். இந்த விஷயம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இரண்டு பேட்டரியை ஒன்றாக ஏற்றும் பேரலல் போர்டும் வாங்கச் சொன்னான் பொள்ளாச்சி நண்பன். செல் எண்ணிக்கையும் வோல்ட்டேஜும் ஒத்துப்போகாமல் மாட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரன்ட் பாயும். என் ஞாபக மறதி எனக்குத் தெரியும். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஓணம் முடிந்த பிறகு

ஓணத்தால் கூரியர் ஒரு வாரம் தள்ளிப்போய் வந்து சேர்ந்தது. முதலில் காசு மிச்சம் பண்ணப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்-ஸை (வீட்டுக் கரன்ட்டை டிசியாக மாற்றும் பெட்டி) எடுத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்ததும் ஃபேன் சுற்றியது. சார்ஜரை மாட்டி 5 ஆம்பியர் வைத்தேன். 12 வோல்ட் 11.3-க்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கி சார்ஜர் கூப்பாடு போட்டு நின்றுவிட்டது. 5 வோல்ட் சிவப்பு ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்தால் 11.8-ல் நின்றது. வேலை நடந்தது. ஆனாலும் 12 வோல்ட் 12 வோல்ட்தானே.

பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். 24 வோல்ட், 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் கேட்டேன். கடைச் சேட்டன், "போர்டினாணோ?" (கடை போர்டுக்கா?) என்றார். ஹெலிகாப்டருக்கு என்றேன். தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் பில் போட்டார்.

இந்த ஓட்டைப் பெட்டி சப்ளையில் 230 வோல்ட் வந்து சேரும் திருகுகள் வெளியே தெரியும்படி இருக்கின்றன. வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். எர்த் ஒயரை ஒழுங்காகக் கொடுத்து, திருகுகள் இருக்கும் பக்கத்தைப் பழைய மர சுவிட்சுப் பெட்டிக்குள் அடக்கி, ஃபேன் பக்கத்தைத் திறந்துவிட்டேன். அதற்கே ஒரு நாள் போயிற்று.

முதல் சார்ஜ் திண்ணையில், மண்சட்டிக்குள் பேட்டரியை வைத்து. (மீன் குழம்பு வைக்கிற சட்டிதான். இனி அது சமையலறைக்குத் திரும்பாது என்று வீட்டில் உத்தரவு.) 55 நிமிடத்தில் முடிந்தது. கடைசிப் பத்து நிமிடம் கரன்ட் தானாக இறங்கி, செல்களைச் சமன் பண்ணும் நேரம். உடனே மல்டிமீட்டர்: ஐந்து செல் 4.20, ஒன்று 4.19. மூன்றாவது செல் 4.20. அப்பாடா. 2சி-யில் வைத்தால் பாதி நேரம்தான், பேட்டரியும் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் மார்ச்சில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊரில் எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு அதிகம் பிடித்தது இறக்கும் வேகம். பறக்கப் போக முடியாமல் மழை வந்தால் முழு பேட்டரியைப் பாதிக்கு இறக்கி வைக்க வேண்டும். பழையது 5 வாட்டில் இறக்க பதினோரு மணி நேரம் எடுக்கும், இது மூன்று மணி நேரத்துக்குள். உப்பிய பேட்டரியை மட்டும் எந்தச் சார்ஜரிலும் மாட்டவில்லை. லாரியின் 24 வோல்ட் பல்பை மாட்டித் தோட்டத்தில் தனியாக மணலில் வைத்து, சுத்தமாக வற்றவிட்டேன். அடுத்து மின்கழிவு எடுப்பவரிடம் போகும்.

அக்டோபர், இரண்டாம் சனி

நெல் அறுத்த வயலில் முதல் நாள். அங்கே பிளக் ஏது? மாமாவின் டிராக்டர் பேட்டரிதான், 12 வோல்ட் 88 ஆம்பியர் மணி, கணக்குப்படி ஆயிரம் வாட் மணிக்கு மேல். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் வற்றவிடக் கூடாது என்று வைத்தாலும், முக்கால்வாசி தீர்ந்த என் பேட்டரி ஒவ்வொன்றும் நூறு சொச்சம் வாட் மணி கேட்கும், ஐந்து முறை ஏற்றலாம். 12 வோல்ட்டிலும் 5 ஆம்பியர் கொஞ்சம் இழுபறியாகக் கிடைத்தது.

மூன்றாவது தடவை மாட்டும்போது மாமா வந்து எட்டிப் பார்த்தார். "கணக்கெல்லாம் சரிதான் மாப்பிள்ளை. காலைல உழவு இருக்குது. வண்டி ஸ்டார்ட் ஆகலீன்னா நீதான் தள்ளோணும்" என்றார்.

அதோடு கழற்றிவிட்டேன்.