ஒரு மிரர் போர்ட், ரெண்டு டூல்: ரெண்டாவது காப்பி வந்துருச்சு

மூணு ராத்திரி மல்லுக்கட்டி நேத்துதான் சுரிகாட்டா, ஜீக்னு நெட்வொர்க் டிராஃபிக்க அலசற ரெண்டு டூலோட மெஷின்லயும் ஒரே டிராஃபிக் ஒரே நேரத்துல ஓடுறத பாத்தேன், அவ்ளோ சந்தோஷம்.

என் ஸ்விட்ச்ல மிரர் டெஸ்டினேஷன், அதாவது ஓடுற டிராஃபிக்கோட காப்பி வெளிய வர்ற போர்ட், ஒண்ணுதான் வைக்க முடியும். அதனால நடுவுல 4 போர்ட் கார்டு போட்ட லினக்ஸ் பெட்டி ஒண்ணு, ஸ்விட்ச்ல இருந்து ஒரு போர்ட்ல வாங்கி மத்த ரெண்டு போர்ட்லயும் காப்பி விடணும், அவ்ளோதான் வேலை.

மொதல்ல பிரிட்ஜ் (லினக்ஸுக்குள்ளயே ஒரு ஸ்விட்ச்) போட்டு, எந்த மெஷின் எந்த போர்ட்லன்னு ஞாபகம் வைக்கிற ஏஜிங் டைம 0 ஆக்கி, வர்றத எல்லா போர்ட்டுக்கும் அனுப்புற ஹப் மாதிரி ஓட விட்டேன். ஓடுச்சு, ஆனா எல்எல்டிபி (பக்கத்து சாதனம் தன்ன அறிவிக்கிறது) ஃப்ரேம் ஒண்ணு கூட அந்தப் பக்கம் போகல. இந்த மாதிரி ஃப்ரேம விடலாமா வேண்டாமான்னு சொல்ற குரூப் ஃபார்வர்ட் மாஸ்க மாத்தினா எல்எல்டிபி போகும், லிங்க்குகள ஒண்ணா சேர்க்கற எல்ஏசிபி அப்பவும் போகாது. அதோட டூல் மெஷின் கத்துற டிஹெச்சிபி, ஐபிவி6 எல்லாம் திரும்பி ஸ்விட்ச் பக்கமே போகுது. கண்காணிக்கிற பெட்டில இருந்து ஒரு பாக்கெட் கூட நெட்வொர்க்குக்குள்ள வரக்கூடாது, இதுல நான் ரொம்ப கண்டிப்பு. பிரிட்ஜ தூக்கிட்டேன்.

அடுத்து டிசி, லினக்ஸ்ல பாக்கெட்ட கையாள்ற டூல். கிளஸ்ஆக்ட் (ஃபில்டர் மாட்டற இடம்) போட்டு இன்கிரஸ்ல, அதாவது பாக்கெட் உள்ள வர்ற பக்கம், எல்லாத்தையும் பிடிக்கிற ஒரு மேட்ச்ஆல் ஃபில்டர், அதுல காப்பி எடுத்து வேற போர்ட்டுக்கு அனுப்புற மிர்ரெட் மிரர், மொத டூலுக்கு உடனே வந்துருச்சு. ரெண்டாவது போர்ட்டுக்கு அடுத்த பிரையாரிட்டில அதே மாதிரி இன்னொரு ஃபில்டர் போட்டேன், எரர் எதுவும் இல்ல, ஆனா பாக்கெட்ட பிடிச்சு காட்டற டிசிபிடம்ப் வச்சு பாத்தா ஒரு பாக்கெட் கூட இல்ல. கேபிள் மாத்தினேன், போர்ட் மாத்தினேன், கார்டையே கழட்டி மாட்டினேன், ரெண்டு ராத்திரி அப்படியே போச்சு. கடைசில ஃபில்டரோட கவுண்டர எடுத்து பாத்தா மொதலாவது ஏறிக்கிட்டே இருக்கு, ரெண்டாவது 0. அங்கதான் பிடி கிடைச்சுது. மிர்ரெட் மிரர் முடிஞ்சதும் டிஃபால்ட்டா பைப், அதுக்கு அர்த்தம் அதே ஃபில்டர்ல இருக்கற அடுத்த ஆக்‌ஷனுக்கு போன்னுதான், அடுத்த ஃபில்டருக்கு போன்னு இல்ல. மொத ஃபில்டரே எல்லா பாக்கெட்டையும் பிடிச்சுட்டதால ரெண்டாவதுகிட்ட எதுவுமே வந்து சேரல. ஒரே ஃபில்டர்ல ரெண்டு மிர்ரெட் ஆக்‌ஷன வரிசையா வச்சேன், ரெண்டு பக்கமும் கொட்ட ஆரம்பிச்சுது! காப்பி எடுக்காம பாக்கெட்டையே திருப்பி விடற ரீடைரக்ட் யூஸ் பண்றவங்க அத கடைசில மட்டும் வைங்க, மொதல்ல வச்சா பாக்கெட் அதோட போயிடும்.

வர்ற பாக்கெட்ட சேர்க்கற ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ ரெண்டையும் எத்டூல்ல (கார்டு செட்டிங் மாத்தற கமாண்ட்) ஆஃப் பண்ண மறக்காதீங்க, இல்லன்னா சின்ன பாக்கெட்டெல்லாம் ஒண்ணா ஒட்டி 1500 பைட்டுக்கு மேல வந்து நிக்கும், ஒயர்ல ஓடுனது அது இல்ல. கார்டு வாங்கறவங்க பழைய சர்வர்ல இருந்து கழட்டினத தேடுங்க. புதுசுன்னு சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்புனதுல ஒரு போர்ட் லிங்கே வரல, திருப்பி அனுப்பறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

இன்னும் ஒண்ணு பாக்கி. லினக்ஸ் பெட்டில டிராப் 0 காட்டுது, ஆனா ஜீக்கோட கேப்சர் லாஸ் லாக் நடுவுல பாக்கெட் காணோம்னு சொல்லுது. நான் மிரர் பண்ற அப்லிங்க் (ஸ்விட்ச்ல இருந்து வெளிய போற லைன்) 1 ஜிகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ், ரெண்டு திசையும் நிறைஞ்சா 2 ஜிகாபிட், அது 1 ஜிகாபிட் மிரர் போர்ட்ல எப்படி நுழையும், ஸ்விட்ச் சத்தமில்லாம கீழ போட்டுடுது. இத சரி பண்றதுக்கு முன்னாடியே மனசு டேப் (லைன் நடுவுலயே மாட்டி காப்பி எடுக்கற சாதனம்) பக்கம் போயிடுச்சு. காப்பர்ல ஜிகாபிட்டுக்கு கரண்ட் இல்லாம ஓடுற பாசிவ் டேப் ஆகாது, நாலு ஜோடியிலயும் ஒரே நேரத்துல ரெண்டு திசையும் ஓடுது. அதனால அப்லிங்க ஃபைபருக்கு மாத்தி வெளிச்சத்த ரெண்டா பிரிக்கிற ஸ்பிளிட்டர் போடப்போறேன், திசைக்கு ஒரு போர்ட்டா பெட்டிக்குள்ள வரும். தூரம் கம்மிங்கறதால 50/50 பிரிப்புல குறையற 3 டிபி வெளிச்சம் தாங்கும்னு கணக்கு, 70/30யா 50/50யான்னு மட்டும் இன்னும் முடிவாகல.