சரிவுக்கு எதிராக ஏறும் வெப்பம்

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். வெப்பநிலைச் சரிவு, அதாவது ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வெப்பநிலை மாறும் அளவு, எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகப் போகும். முதுகலை மாணவர்களுக்கு வெப்பச் சமன்பாட்டை இப்படித்தான் தொடங்குவேன். இரும்புக் கம்பிக்கு இது அப்படியே பொருந்தும். காட்டுக்குள் இருக்கும் காற்றுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்ற கேள்விதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே உரியாரா பைன் காட்டில் டென்மீட், பிராட்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல உயரங்களில் வெப்பநிலை, நீராவி, கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் அளந்தார்கள். காற்று மேலும் கீழும் போகும் வேகத்தையும் கூடவே அளந்ததால், எது எந்தப் பக்கம் போகிறது என்பது நேரடியாகத் தெரிந்தது. 1985-இல் வெளிவந்த முடிவு இது: வெயிலை வாங்கும் கிளைப்பகுதி சூடாகவும் அதன் அடி குளிர்ந்தும் இருக்கிறது, சமன்பாட்டின்படி அங்கே வெப்பம் கீழே இறங்க வேண்டும். ஆனால் மேலே ஏறிக்கொண்டிருந்தது! மற்ற இரண்டும் சில உயரங்களில் இப்படியே சரிவை மீறின.

ஒரு காரணம், மரத்தின் உயரமே அளவாகக் கொண்ட சுழல்கள். அவை திடீரென்று உள்ளே இறங்கி, அடியில் தேங்கிய காற்றை வாரிக்கொண்டு மேலே போகின்றன. ஓரிடத்துச் சரிவை வைத்து இதைக் கணிக்க முடியாது.

இன்னொன்று நுட்பமானது. இலையை விட்டுக் கிளம்பிய நீராவி முதல் சில நொடிகள், தன்னை ஏற்றிக்கொண்ட சுழலோடேயே போகிறது. அப்போது அதன் பரவல் நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். பிறகுதான் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு மாறும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1921-லேயே இதைக் காட்டிவிட்டார். நம் பாடச் சமன்பாடு இரண்டாவது கட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முதல் கட்டம் எவ்வளவு நேரம்? தோராயமாக 0.3 × மர உயரம் ÷ உராய்வு வேகம் (காடு காற்றை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதை வேக அலகில் சொல்லும் அளவு). மரம் 16 மீட்டர், வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் என்றால், ஏறக்குறைய 10 நொடி. கிளைகளுக்கு நடுவே எங்கே கருவியை வைத்தாலும் அருகில் ஓர் இலை இருக்கும், அதன் ஈரம் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் மைக்கேல் ரௌபாக் 1980-களின் பிற்பகுதியில், காற்றிலுள்ள நீராவி போன்றவற்றின் செறிவை இரண்டாகப் பிரித்தார். தொலைவிலுள்ள இலைகளின் பங்குக்குப் பழைய சமன்பாடு, அருகிலுள்ளவற்றின் பங்குக்குத் தனிக் கணக்கு. இரண்டையும் கூட்டினால் சரிவுக்கு எதிரான ஓட்டம் தானாக வந்துவிடுகிறது. இவ்வளவு எளிமையாக ஒரு சிக்கல் அவிழ்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, வெப்பத்தையும் ஈரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடலாமா? முடியாது. ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் வேண்டும். காற்று வறண்டால் இலைத்துளைகள் சுருங்கும், ஆவியாதல் குறையும், இலை சூடேறும், சுற்றியுள்ள காற்றும் மாறும். அதனால் விதானத்தை, அதாவது காட்டின் இலை, கிளைத் தொகுதியை, அடுக்குகளாகப் பிரித்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்தே மறுபடி மறுபடி தீர்க்க வேண்டும்.

காடு மொத்தமாக எவ்வளவு நீரை விடுகிறது என்பது மட்டும் போதுமென்றால், முழு விதானத்தையும் ஒரே பெரிய இலையாகப் பாவிக்கும் பென்மன்-மான்டீத் சமன்பாடு நன்றாகவே உதவும். ஆனால் மர நிழலில் முளைக்கும் நாற்றைச் சுற்றி நண்பகலில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அதனிடம் கேட்க முடியாது. அதற்கு அடுக்கடுக்கான கணக்குதான் வேண்டும்.