தூக்கத்தில் மூச்சு குறையும் எங்கள் மகளை மாஸ்க்குக்குப் பழக்கிய அனுபவம்

எங்கள் மகள் விழித்திருக்கும்போது நன்றாகவே மூச்சு விடுவாள். கண் அசந்தால் போதும், மூச்சு மேலோட்டமாகி உதடு நீலம் பாரித்துவிடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது மூச்சை வேகப்படுத்தச் சொல்லி மூளை கட்டளையிட வேண்டும். அவளுக்கு அந்தக் கட்டளை வருவதில்லை. மதுரையில் பார்த்த டாக்டர் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிஎச்ஓஎக்ஸ்2பி (PHOX2B) என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது உறுதியானது. நோயின் பெயர் சிசிஎச்எஸ் (CCHS), அதாவது மூளையின் மூச்சுக் கட்டளை பிறவியிலேயே குறைவாக இருப்பது. பெரும்பாலும் இது பெற்றோரிடமிருந்து வராமல் குழந்தையிடம் புதிதாக ஏற்படுவது. கிரகணத்தில் வெளியே வந்தாயா என்று என்னைக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

கைக்குழந்தைகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதைத்தான் பல மருத்துவர்கள் முதலில் சொல்வார்கள். அதுதான் உறுதியான வழி. இவள் பகலில் தானாக மூச்சு விட்டதால் மெஷினிலிருந்து மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தும் மாஸ்க்கை முயன்று பார்க்கலாம், சரிப்படாவிட்டால் குழாய்தான் என்று பேசி முடிவெடுத்தோம்.

மெஷின் வாங்கும்போது கவனமாக இருங்கள். விலை குறைவு என்று சிபாப்பைக் காட்டினார்கள். அது ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும், அவ்வளவுதான். குழந்தை மூச்சு இழுக்காவிட்டால் அதுவாக மூச்சு கொடுக்காது. நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்று அமைத்துவைக்கக்கூடிய பைபாப் வகைதான் இவர்களுக்கு வேண்டும். வெறும் ஆக்சிஜனும் உதவாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எண் நன்றாகத் தெரியும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். அந்தக் கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கிறதா என்று இரவு முழுக்க மருத்துவமனையில் பார்த்துத்தான் மெஷினின் அளவுகளை வைத்தார்கள். குழந்தை வளர வளர அந்த அளவுகளை மாற்றவும் வேண்டும்.

உண்மையான பாடு மாஸ்க்கில்தான். தளர்த்தினால் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். இறுக்கினால் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தினால் முகத்தின் நடுப்பகுதி தட்டையாக வளரும் என்பதால் இரண்டு வடிவ மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போடுகிறோம். தூங்கிய பிறகு போடலாம் என்று விட முடியாது, முன்பே போட வேண்டும். பச்சைப்பிள்ளையோ பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடும்! அதனால் பால் கொடுக்கும்போதும் காலில் ஆக்சிமீட்டர் இருக்கும். காற்று வயிற்றுக்குள் போய் உப்புசம் வேறு வரும், மறக்காமல் ஏப்பம் விடவைக்க வேண்டும். மாஸ்க்குக்குக் காற்று வரும் குழாய் மடங்கும் என்பதால் சேலைத் தூளியை விட்டுவிட்டோம். அப்பத்தாவுக்குத்தான் அதில் பெரிய வருத்தம்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துவார்களே, அதற்காகவே பேட்டரியும் இன்வர்ட்டரும் வைத்திருக்கிறோம். கட்டிலருகே கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் உண்டு. அப்பத்தா உட்பட வீட்டில் எல்லோருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரியும். அலாரம் அடித்தால் உடனே கவனிக்க ஒருவர் எப்போதும் விழித்திருப்போம், முறை வைத்து.

சளி, காய்ச்சல் வந்தால் விழித்திருக்கும்போதும் மெஷின் தேவைப்படலாம். வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே கிளம்பிவிடுவோம். நூற்றெட்டில் வருபவர்களிடம் காட்ட, நோயின் பெயர், மெஷின் அளவுகள், "ஆக்சிஜன் மட்டும் போதாது, மூச்சும் கொடுக்க வேண்டும்" என்று டாக்டர் கையெழுத்திட்ட தாளை மெஷின் பையிலேயே வைத்திருக்கிறோம்.