விடியக்காலை ஐந்தரைக்கு ஒரு பகை

சனிக்கிழமை விடியக்காலை ஐந்தே காலுக்கே எழும்பிவிட்டேன். வெளியே நல்ல இருட்டு, மட்டக்களப்புக் கல்லடிக் கடல் இரைகிற சத்தம் வீட்டு முற்றம் வரைக்கும் கேட்டது, அம்மா குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அதே நேரம் நியூயோர்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணியாகப் போகிறது. அக்காவின் மகள் அங்கே கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கோர்னெல் ஐஸ் ஹொக்கி அணி என்னுடைய அணி. குளிர்காலத்தில் அவர்களுக்கு வெள்ளி, சனி இரவுகளில் ஆட்டம், எனக்குச் சனி, ஞாயிறு விடியல். ஆனால் இந்த வாரம் மற்ற வாரங்களைப் போல இல்லை. வருவது ஹார்வர்ட்.

ஐஸ் ஹொக்கி பார்த்தறியாதவர்களுக்குச் சுருக்கமாக: இருபது நிமிஷப்படி மூன்று பகுதி, ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பாளரோடு ஆறு பேர், பந்துக்குப் பதிலாக ஒரு அங்குலம் தடித்த றப்பர் வட்டு. அதை ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுப்பார்கள், இல்லையென்றால் துள்ளும். மிச்சம் பார்க்கப் பார்க்கப் பிடிபடும்.

கோர்னெலின் லைனா மண்டபம் 1957 இல் திறந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும், கூரை தாழ்வு, அதனால் கத்துகிற சத்தம் வெளியே போக இடமில்லாமல் திரும்பத் திரும்ப ஐஸ் மேலேயே விழும். எதிரணியின் பெயர்களை வாசிக்கும்போது மாணவர்கள் எல்லாரும் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி நிற்பார்கள், ‘உங்களை யார் பார்க்க வந்தது’ என்று சொல்லாமல் சொல்வதுதான் அது. இது எல்லா அணிக்கும் நடக்கும். ஹார்வர்டுக்கு மட்டும் மீன்.

உண்மையாகவே மீன்தான். ஹார்வர்ட் ஆட்டக்காரர்கள் கருஞ்சிவப்பு உடுப்போடு ஐஸில் இறங்கிய அந்த நிமிஷத்தில் மாணவர் பக்கமிருந்து மீன்கள் பறந்து வந்தன. மருமகள் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள், படம் ஆடுகிறது, ஒரு பெரிய மீன் வயிறு மின்ன வந்து விழுந்து வழுக்கிக்கொண்டே நடுக்கோடு வரைக்கும் போனதைக் கண்ணால் கண்டேன். ஜக்கெட்டுக்குள்ளேயும் காற்சட்டைக்குள்ளேயும் ஒளித்துத்தான் உள்ளே கொண்டுபோவார்களாம். ஆட்டம் தாமதமானால் நடுவர் கோர்னெலுக்கே தண்டனை கொடுப்பதும் உண்டு, அப்படியிருந்தும் விடுவதில்லை.

இது தொடங்கிய கதையை 1973 இல் வைத்துச் சொல்வார்கள். கோர்னெலில் விவசாயக் கல்லூரி இருப்பதால் அவர்களைப் பட்டிக்காட்டார் என்று காட்ட ஹார்வர்ட் பக்கத்து ஆள் ஒருவர் செத்த கோழியைக் கோர்னெல் கோல் காப்பாளரை நோக்கி எறிந்தாராம். அடுத்து ஹார்வர்ட் இத்தாக்காவுக்கு வந்தபோது, ஹார்வர்ட் இருக்கிற பொஸ்டன் பக்கம் மீன்பிடித் துறைமுகம்தானே, இந்தா பிடி என்று இவர்கள் மீனை எறிந்தார்கள். அன்றைக்குக் கத்திய மாணவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். மீன் நிற்கவில்லை.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “என்ன மனே இது, தின்ற மீனை இப்பிடி எறியிறாங்க?” எனக்குப் பதில் வரவில்லை. ஐஸில் மீன் கிடப்பது எங்களுக்கு அதிசயமில்லை, ரெஜிபோம் பெட்டிக்குள் தினமும் பார்க்கிறோம். ஆனால் மீன் பாடுகிற ஊரில் வாவிக்கரையில் வளர்ந்த ஒருவருக்கு மீன் என்றால் சோறு. அவர் கேட்டது நியாயம்தான். அப்புறம் கோழிக் கதையைச் சொன்னேன். “அப்ப சரி, அவன்தானே முதல்ல தொட்டவன்” என்று கதிரையை இழுத்து இருந்துவிட்டார்.

அவர் அப்படி இருந்ததும் எனக்கு மைக்கேல் – சென்ட்ரல் ஞாபகம் வந்தது. நான் புனித மிக்கேல் கல்லூரி, 1873. மச்சான் மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1814. இரண்டும் புளியந்தீவுக்குள்ளேதான். கிரிக்கெட்டில் இந்த இரண்டும் மோதும்போது வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. மச்சான் ‘நாங்கள் உங்களைவிட 59 வருஷம் மூப்பு’ என்பான், நான் கூடைப்பந்தைச் சொல்வேன், அதற்கு அவனால் ஒன்றும் சொல்ல முடியாது.

மைக்கேலில் கூடைப்பந்து என்றால் ஹேபியர் அடிகளார். யூஜின் ஹேபியர், லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி, 1948 இல் இலங்கைக்கு வந்தவர். அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் அந்த விளையாட்டு வெறியை நம்முடைய பிள்ளைகளின் காலுக்கும் கைக்கும் ஏற்றிவிட்டவர் என்றுதான் நான் அவரை நினைக்கிறேன். 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமல் போனார். அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள், யார் யாருக்குப் பகை என்றே விளங்காத காலம், வெளியே சத்தமாகச் சிரிக்கவே பயம். அதனால்தான் லைனாவில் நாலாயிரம் பேர் ஒரே குரலில் எதிரணியை ஏசுவதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பகையை இரண்டரை மணித்தியாலத்தில் கழற்றி, குளிர் ஜக்கெட்டோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும்.

ஆட்டத்தின் முடிவை நீங்கள் எங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். என் கண்ணுக்குள் நிற்பது கோர்னெல் கோல் காப்பாளர் கால் இரண்டையும் விரித்து ஐஸோடு ஐஸாகப் படுத்து ஒரு வட்டைக் கால் கவசத்தின் நுனியால் தட்டிவிட்டதுதான். மருமகளின் போன் கீழே சாய்ந்து சப்பாத்தும் படிக்கட்டும்தான் தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்டது, அதிலேயே கோல் இல்லை என்று விளங்கிவிட்டது. கோர்னெலில் கோல் காப்பாளர் என்றால் சும்மா இல்லை. கென் டிரைடன் நின்ற இடம் அது, அவர் இருந்தபோது 1967 இல் தேசியப் பட்டம். பிறகு தொழில்முறை அணியான மொன்றியல் கனடியன்ஸுக்குப் போய், அங்கே ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணம் ஆறு தடவை. 2025 இல் காலமானார். ஆனால் அவர் படிப்பை முடித்துப் போன அடுத்த பருவத்தில்தான், 1969–70 இல், நெட் ஹார்க்னெஸ் பயிற்றுவித்த கோர்னெல் 29 ஆட்டமும் ஆடி 29 உம் வென்றது, தோல்வியும் இல்லை, சமநிலையும் இல்லை. பெரிய ஆள் போனால் அணி படுத்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வது. ஹார்வர்டுக்கும் 1989 இல் ஒரு பட்டம் உண்டு, மினசோட்டாவை மேலதிக நேரத்தில் வென்றது. அதை மறைத்தால் மச்சான் விடமாட்டான்.

ஏனென்றால் மச்சான் ஹார்வர்ட். நான் கோர்னெல் என்று சொன்ன அன்றைக்கே அவன் ஹார்வர்டைப் பிடித்துக்கொண்டான், அங்கே அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. முதல் இடைவேளையில் அழைப்பு எடுத்தான். “என்ன மச்சான், உன்ட ஆக்கள் மீன் எறியிறதுக்கா ரிக்கெட் வாங்கினவங்கள்?” அவனும் எழும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இரண்டு பேரும் போனில் ஏசிக்கொண்டிருக்கும்போது வாசலில் மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அம்மா எழும்பிப் போய் அரைக் கிலோ கீரி மீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

சனி இரவு அங்கே டார்ட்மத், ஹார்வர்டோடு சோடியாகப் பயணம் வருகிற அணி. ஞாயிறு விடியக்காலை ஐந்து இருபதுக்குப் படலையை யாரோ தட்டுகிற சத்தம். மச்சான்தான், தலையில் துவாய் சுற்றியிருந்தான். இன்றைக்கு ஹார்வர்ட் இல்லையே என்றேன். “கோர்னெலுக்கு எதிரா ஆடுறது ஆரெண்டாலும் எனக்குச் சரி” என்று உள்ளே வந்து இருந்தான். அம்மா மூன்று கோப்பை ஊற்றி வைத்திருந்தார்.