தரை காயும் வரை

எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அக்கா ஒரு நாள் விடுப்பு எடுத்தார். அன்று காலையில், 1968-இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் 9 நாள் வேலைநிறுத்தம் செய்ததையும், தெருவெங்கும் குப்பை மலைபோல் குவிந்ததையும் எடுத்துச் சொல்லி, உழைப்பவர்களை மதிக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசியவன் நான்தான். பேசியவரே துடைக்கட்டும் என்று சக ஊழியர்கள் மாப்பை என் கையில் கொடுத்துவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

அலமாரியைத் திறந்தேன். பிளீச்சிங் திரவம் மேல்தட்டிலும், கழிப்பறை கழுவும் அமிலத் திரவம் கீழ்த்தட்டிலும் இருந்தன. இரண்டையும் கலந்தால் இருமடங்கு சுத்தமாகுமே என்று மூடியைத் திருகிய பிறகுதான், புட்டியில் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கை கண்ணில் பட்டது. அவை கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் படைவீரர்கள்மீது ஏவிவிடப்பட்ட அதே வாயு. அக்கா அவற்றைத் தனித்தனியே வைப்பதை அதுவரை வெறும் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன்.

சோப்புத் தண்ணீரே போதும் என்று, வாசலில் தொடங்கி உற்சாகமாக உள்நோக்கித் துடைத்துக்கொண்டு போனேன். எதிர்ச்சுவரை அடைந்து பெருமையோடு திரும்பிப் பார்த்தால், எனக்கும் வாசலுக்கும் நடுவே அறை முழுவதும் ஈரத்தில் பளபளத்தது. மிஞ்சியது ஒரு நாற்காலி போடும் இடம். வெள்ளத்தில் மரமேறியவனைப் போல அந்த நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மேலாளர் வாசலில் வந்து நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“காய்கிறது, சார்” என்றேன். வேறென்ன சொல்வது?

கடைசியில் பொறுமையிழந்து, நுனிக்காலில் நடந்து வெளியேறினேன். பாதி வழியில் வழுக்கியதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அக்கா வந்தார். சன்னல் வெளிச்சம் தரையில் சாய்வாக விழும் இடத்தில் குனிந்து, துப்பறிபவரைப் போல ஒரு நிமிடம் பார்த்தார்.

“வாசலிலிருந்தா ஆரம்பித்தீர்கள், சார்?”

“ஆமாம், அக்கா.”

“இந்த இடத்தில் வழுக்கி, மேசைக்காலைப் பிடித்திருக்கிறீர்கள். வாளித் தண்ணீரை எத்தனை முறை மாற்றினீர்கள்?”

மாற்ற வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அழுக்கைத் துடைக்காமல் அறை முழுவதும் சமமாகப் பங்கிட்டிருக்கிறேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தூரத்து மூலைக்குப் போய், மாப்பை எட்டுப் போடுவதைப் போலச் சுழற்றி, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கியபடி வாசலை நோக்கி வந்தார். நடுவில் இருமுறை தண்ணீரை மாற்றினார். ஒருமுறைகூட அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு நாற்காலியிலும் இடிக்கவில்லை.

நான் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றேன். மேலாளர் கைப்பேசியில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி, நேராக அந்த ஈரத்தில் நடந்து போனார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மாப்புக்காகக் கையை நீட்டினேன். அவர் அவசரமாக அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.