கல்லாறு ஏற்றத்தில் மேல் ராடு: ஒருவழியாகச் சிக்கியது

படம் சிக்கிவிட்டது. ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி என்ஜின், கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளத்தில் (நடுவில் பற்கள் உள்ள தண்டவாளம், என்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்) ஏறும் இடம், ஷட்டர் திறந்திருந்தது 1/8 வினாடி. என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் நம்பரைப் படிக்க முடிகிறது. பிஸ்டனிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டைத்தான் ராடு என்கிறோம். கீழ் ராடு கொஞ்சம் கலங்கியிருக்கிறது, மேல் ராடு அதைவிட இரண்டு மடங்கு கலங்கியிருக்கிறது. அந்த இரண்டு மடங்குக்காகத்தான் போன மழைக்காலத்திலிருந்து கொசுக்கடி வாங்கிக்கொண்டு பாக்குத் தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் படத்தைக் காட்டினால், “இதுல என்ன, ஆடிப்போயிருக்கு?” என்கிறார்கள். ஆடவில்லை, அதுதான் விஷயம் என்று விளக்க ஆரம்பித்தால் ஆளே இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டர் கதை நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். கீழே இருக்கும் உயரழுத்த ஜோடி சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே இருக்கும் தாழழுத்த ஜோடி பல்சக்கரத்துக்கு. மேட்டுப்பாளையத்தில் கிளம்பிக் கல்லாறு வருகிற வரை மேல் ஜோடிக்கு வேலை கிடையாது. பல்தண்டவாளம் தொடங்கியதும், கீழே வேலை முடித்து வந்த நீராவியே மேலே போய் இரண்டாவது முறை உழைக்கிறது. மேல் ஜோடி பல்லிணை வழியாக ஓட்டுவதால் கீழ் ராடைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில், அதுவும் எதிர்த்திசையில் சுற்றும். நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தடவை கண்ணே நம்பாது. ஒரே என்ஜினில் இரண்டு என்ஜின்கள் சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

வீடியோவில் இது சுலபமாக வந்துவிடும். ஒரே படத்தில் கொண்டுவருவதுதான் பாடு. 1/250ல் எடுத்தால் எல்லா ராடும் உறைந்து நிற்கும், வண்டி ஷெட்டில் நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாது. இணையத்தில் கிடைக்கும் ஊட்டி ரயில் படங்களில் முக்கால்வாசி இந்த ரகம். புகை இருக்கும், பச்சை இருக்கும், ஓட்டம் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்டும் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 80 செ.மீ. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர். பல்தண்டவாளத்தில் அனுமதித்த வேகம் மணிக்கு 13 கி.மீ. தான், நான் நிற்கும் இடத்தில் வண்டி 9 அல்லது 10ல் போகும். ஆக வினாடிக்கு ஒரு சுற்று. 1/8 வினாடியில் கீழ் ராடு அரைக்கால் சுற்று, மேல் ராடு கால் சுற்று. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 1/15 வைத்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 1/4 வைத்தால் மேல் ராடு காணாமலே போய்விடும், சிலிண்டரிலிருந்து ஏதோ ஆவி கிளம்பியது போல ஒரு சாம்பல் கறைதான் மிஞ்சும். 1/8ஐ விட்டு நான் இனி நகர்வதாக இல்லை.

அந்த 1/8 வினாடிக்குள் வண்டி முப்பது செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும், கேமராவும் கூடவே போக வேண்டும். வேகமான வண்டிக்கு இப்படிக் கேமராவைக் கூடவே திருப்புவது, அதாவது பேனிங், சுலபம், கை ஒரே வீச்சில் போய்விடும். ஜோலார்பேட்டை பக்கம் நின்று வந்தே பாரத்தைப் படமெடுக்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. மணிக்கு பத்து கிலோமீட்டரில் போகும் வண்டியைத் தொடர்வதில் கை திக்கித் திக்கித்தான் நகரும். இதற்கு இந்த வண்டியே ஒரு சலுகை தருகிறது. மேலேறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது அல்லவா? முதலில் பெட்டிகள் கடக்கும், கடைசியில்தான் என்ஜின். பெட்டிகளின் ஜன்னல்களை வைத்து வீச்சின் வேகத்தைச் சரி செய்துகொள்ளலாம். என்ஜின் வந்து சேரும்போது கை ஏற்கனவே அந்த வேகத்தில் இருக்கும். முன் பெட்டியின் வெளித்தளத்தில் கொடியோடு நிற்கும் பிரேக்மேன் கையசைப்பார். பதிலுக்குக் கையசைக்க முடியாமல் நான் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருக்கலாம்.

இதெல்லாம் வந்த பிறகும் படம் வரவில்லை. புகைபோக்கி ஷார்ப்பாக இருந்தால் பின்பக்கம் கலங்கும், பின்பக்கம் சரியாக இருந்தால் புகைபோக்கி இரட்டையாகும். கலங்கல் எல்லாம் ஒரே சாய்வில், கீழிருந்து மேலாக இருந்தது. காரணம் ஏற்றம். இந்தப் பாதையின் உச்ச ஏற்றம் 12.28க்கு 1. பாகையில் சொன்னால் நாலரைக்குக் கொஞ்சம் மேல். டிரைபாடின் மேல் திரும்பும் வீடியோ ஹெட்டை நீர்மட்டம் பார்த்து ஒழுங்காக வைத்தால் கேமரா கிடைமட்டமாகத் திரும்பும், வண்டியோ சாய்வில் மேலே போகும். ஊர் உலகத்தில் எல்லா ரயிலுக்கும் குமிழை நடுவில் வைத்தால் போதும், இதற்கு வைக்கக் கூடாது. கைவீச்சில் எடுத்தால் மனிதக் கை இந்த நாலு பாகையைத் தானாகச் சரிக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். 1/60ல் சரிக்கட்டும், 1/8ல் கட்டாது.

ஆகவே டிரைபாடைச் சாய்க்க வேண்டும். ஒரு காலைச் சுருக்கிச் சாய்ப்பது வழி இல்லை, தோப்பு மண்ணில் ஒவ்வொரு நாளும் கால் ஒவ்வொரு ஆழத்துக்கு இறங்குகிறது. நீர்மட்டக் குமிழை முதலில் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்கு மேல் ஹெட்டுக்கும் டிரைபாடுக்கும் நடுவில் ஓர் ஆப்பு வைக்கலாம் என்று தோன்றியது. மட்டமாக வைத்து எடுத்த பழைய படம் ஒன்றில் தண்டவாளத்தின் மேல் கோடு போட்டு அளந்தேன். நான் நிற்கும் இடத்தில் நாலு பாகையும் சொச்சமும். மர அறுவைக் கடையில் போய் நாலரைப் பாகை ஆப்பு வேண்டும் என்றால் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். “அறுபது சென்டிமீட்டருக்கு அஞ்சு சென்டிமீட்டர் சாயணும்ங்க” என்றதும் ஆசாரிக்குச் சட்டென்று பிடிபட்டது. தேக்குத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி, நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். நீள போல்ட் ஒன்று கோயம்புத்தூரில் வாங்கினேன். கேமரா கடைகளில் இதற்கென்றே லெவலிங் பேஸ் விற்கிறார்கள், விலையைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வீடியோ ஹெட் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் வாங்கிய பழையது. அதில் கிரீஸ் கெட்டியாகிக் கிடந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. மெதுவான வீச்சுக்கு இறுக்கம்தான் தேவை, புது ஹெட்டாக இருந்தால் வழுக்கியிருக்கும்.

ஆப்பு வைத்த முதல் காலையே வித்தியாசம் தெரிந்தது. புகைபோக்கி முதல் என்ஜினின் பின்பக்கம் வரை ஒரே கூர்மை. ஆனால் கேமராவே சாய்ந்திருப்பதால் படத்தில் வண்டி சமதரையில் போவது போலவும் பாக்கு மரங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது போலவும் வரும். பின்னால் இருப்பது வேப்பமரமாக இருந்தால் எவனுக்கும் தெரியாது. பாக்கு மரம் அரைப் பாகை சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கணினியில் படத்தைத் திருப்பி மரங்களை நேராக்கினால் வண்டி ஏற ஆரம்பிக்கிறது, அதுதான் நமக்கு வேண்டியது. திருப்பும்போது நான்கு மூலையும் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே அகலமாக எடுத்துவிட வேண்டும். லென்ஸை 70 மி.மீ.யில் வைத்து எடுக்க நினைத்ததை 50ல் எடுக்கிறேன்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் பற்றி ஒரு புலம்பல். காலை ஏழரை மணி வெளிச்சத்துக்கு 1/8 வைக்க வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், அதற்கு என்.டி. 8 ஃபில்டர். ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘நிறம் மாறாது’ என்று போட்டிருந்தது. ரயில் பெட்டிகளின் நீலம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, வெளிர்மஞ்சள் பட்டை அழுக்குப் பிடித்த வேட்டி நிறத்தில் வந்தது. திருப்பி அனுப்பினால் ‘பயன்படுத்திய பொருள்’ என்று மறுத்துவிட்டார்கள். பயன்படுத்தாமல் நிறம் மாறுமா மாறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பதாம்? இப்போதைக்கு அதையேதான் மாட்டுகிறேன், மேகமூட்டமான நாளில் அது இல்லாமலே லென்ஸ் துளையை f/16க்குச் சுருக்கிச் சமாளிக்கிறேன்.

மற்றபடி இங்கே மேட்டுப்பாளையத்தில் காலை நேரம் ஒரே மாதிரிதான் போகும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும், அதிலிருந்து இறங்குகிறவர்கள் எதிரே நிற்கும் மலை ரயிலுக்கு ஓடுவார்கள், 7.10க்கு அது கிளம்பும். அதற்குள் நான் பைக்கில் உருளைக்கிழங்கு மண்டி லாரிகளுக்கு நடுவே புகுந்து, பவானியைத் தாண்டிக் கல்லாறு போய்விட வேண்டும். படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து கோவை போகும் மெமு மின்சார ரயிலைப் பிடித்தால் வேலைக்குச் சரியாக இருக்கும். மெமுவையும் ஆரம்பத்தில் படம் எடுத்தேன். இப்போது அதில் உட்கார்ந்து தூங்குவதோடு சரி.

வடகிழக்குப் பருவமழை மாதங்கள்தான் கொடுமை. குளிர்ந்த ஈரக்காற்றில் நீராவி வெள்ளையாகத் திரண்டு நிற்பது அந்த மாதங்களில்தான். மண்சரிந்து பாறை விழுந்து வண்டி நாள்கணக்கில் ரத்தாவதும் அதே மாதங்களில்தான். கோடையில் வண்டி தவறாமல் ஓடும், நீராவி வெளியே வந்ததும் கரைந்துவிடும், படத்தில் ஒன்றுமே இருக்காது. அப்போது என்ஜினில் எரிபொருளாகப் போகும் எண்ணெய் சரியாக எரியாமல் கரும்புகை வந்தால் அதையே பெரிய பாக்கியம் என்று எடுத்துக்கொண்டு வருவோம். ரயில்வே ஊழியர்களுக்கு அந்தக் கரும்புகை வீண் எரிபொருள்.

தோப்பு தனியாருடையது. உரிமையாளர் பெரியவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் போதும் என்று சொன்னதும் அனுமதித்துவிட்டார். “ஏந் தம்பி, வண்டி அதே வண்டிதானுங்? புதுசா என்னத்தப் புடிக்கறீங்க?” என்று கேட்டார். “மேல ஒரு ராடு சுத்துதுங்கய்யா, அதத்தான்” என்றேன். அவர் பிறந்ததிலிருந்து இந்த வண்டியைப் பார்க்கிறவர், மறுநாள் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “ஆமாங், திருப்பிச் சுத்துது!” என்றார். வெளிச்சம் நன்றாக வருவதற்கு முன்னால் தோப்புக்குள் நுழையக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இது யானை கடக்கும் பாதை. சோலார் வேலியை நம்பி இருட்டில் போகிறவன் முட்டாள்.

இதற்கு நேர் எதிர் கும்பலும் இருக்கிறது. வண்டி வரும்போது பல்தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். பாதையில் அத்துமீறினால் ரயில்வே சட்டத்தின் 147வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அது போகட்டும், மேலேறும் வண்டியில் என்ஜின் கடைசியில் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பிரேக்மேன்கள் காட்டும் கொடியை நம்பித்தான் தள்ளுகிறார். இவர்கள் செய்வதற்கெல்லாம் பிறகு கேமராவோடு யாரைப் பார்த்தாலும் ஊழியர்கள் விரட்டுகிறார்கள், நம் பிழைப்பு போகிறது.

சரி, படத்தில் இன்னும் தீராதது ஒன்று உண்டு. மேல் ராடுக்கு வெயில் படுகிறது, கீழ் ராடு நிழலில் இருக்கிறது. கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைலில் நிழலை வெளிச்சமாக்கினால் புள்ளி புள்ளியாகிறது, அதோடு அந்தக் கத்தரிப்பூ நிறமும் சேர்ந்து ஏறுகிறது. மெல்லிய மேகம் உள்ள காலையில்தான் இரண்டு ராடுக்கும் சம வெளிச்சம் கிடைக்கும். ஃபில்டரும் தேவைப்படாது.

அதை முடிக்கும் முன்பே மனசு ஒலிப்பதிவுக்குத் தாவிவிட்டது. பல்தண்டவாளத்தில் ஏறுகிற வரை புகைபோக்கியின் சத்தம் கீழ் சிலிண்டர்களின் தாளத்தில் வரும். மேல் ஜோடி வேலையில் இறங்கியதும் நீராவி அவற்றின் வழியாகத்தான் வெளியேறுவதால் தாளம் ஒரே நொடியில் இரட்டிக்கும். இதைச் சுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும். கைப்பேசி மைக்கில் காற்று இரைச்சல் மட்டும்தான் வருகிறது. தையல் கடையில் பொம்மைக்கு வைக்கிற பொசுபொசுத் துணி கொஞ்சம் வாங்கி மைக்குக்கு உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை 2011லிருந்து கட்டிக் கொடுத்த எண்ணெய் என்ஜின்களுக்கும் அதே பணிமனை பின்னால் கட்டிய நிலக்கரி என்ஜினுக்கும் தாளத்தில் வித்தியாசம் கேட்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை. நிலக்கரி என்ஜின் எந்த நாளில் எந்த வண்டிக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிவதில்லை.

மதியம் ஊட்டியிலிருந்து இரண்டு மணிக்குக் கிளம்பி வரும் வண்டியும் பாக்கி இருக்கிறது. அதில் என்ஜின் முன்னால் வரும், ஆனால் புகைபோக்கி மலைப் பக்கம் பார்த்தபடி, நமக்குக் காட்டுவது பின்புறத்தை. வெயிலும் அதற்குள் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அந்த நேரத்துக்கு ஆப்பை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் போதுமா, அல்லது இறக்கத்துக்குத் தனி ஹெட் இறுக்கம் வேண்டுமா என்று இந்தச் சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தேக்கு ஆப்பின் அளவு யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள். ஆசாரி ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்குகிறார், போல்ட் தனி.