வினைமுற்றுக்குக் காத்திருந்த பிற்பகல்கள்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து, அமைச்சர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் பதில்களைத் தமிழ் வாசகர்களுக்காக எழுதுவதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலையாக இருந்தது. போக்குவரத்து, சுற்றுப்புறம், வீடமைப்பு ஆகிய மூன்று துறைகளும் என் பொறுப்பில் இருந்தன. வெளியுறவையோ நிதியையோ கவனித்தவர்களுக்குக் கிடைத்த மதிப்பு இந்த மூன்றுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் செய்தி வெளியான மறுநாள் தொலைபேசியில் அழைத்து, "நீங்க எழுதினது எங்க வீட்டுக்குப் பொருந்துமா?" என்று கேட்ட வாசகர்கள் பெரும்பாலும் என்னைத்தான் கேட்டார்கள்.

கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். கேள்விகள் அன்றைய நிகழ்ச்சி நிரலில் எண்ணிட்டு அச்சாகியிருக்கும். ஒரே பொருளில் நான்கைந்து உறுப்பினர்கள் கேட்டிருந்தால், அவற்றைச் சேர்த்துப் பதிலளிக்க அமைச்சர் நாடாளுமன்ற நாயகரிடம் (சபாநாயகரிடம்) அனுமதி கேட்பார். எழுதிக் கொண்டுவந்த பதிலை வாசித்து முடித்ததும் துணைக் கேள்விகள் தொடங்கும். எழுதி வாசிக்கும் பதில் அதிகாரிகள் பலரின் கைபட்டு வந்தது என்பதால் அதில் ஒரு சொல்கூடத் தவறி விழாது. துணைக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று தாமாகப் பேசும் இரண்டு நிமிடங்களில்தான் கொள்கையின் உண்மையான எல்லை எங்கே இருக்கிறது என்பது தெரியும். நேரம் முடிந்தபின் எஞ்சிய கேள்விகளுக்கு எழுத்துவடிவில் பதில் வரும். அந்தப் பதில்களைப் படிக்கப் பெரும்பாலான செய்தியாளர்கள் காத்திருக்கமாட்டார்கள். முதல் சில ஆண்டுகள் நானும் காத்திருந்ததில்லை.

இந்த வேலையில் நான் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டது அமைச்சர்களைப் பற்றியதைவிடத் தமிழைப் பற்றியதாகவே இருந்தது. ஆங்கிலத்தில் பேசுபவர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே செய்வோம், மாட்டோம், ஆராய்வோம் என்பதைச் சொல்லிவிட்டு, எதை, யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்பதைப் பின்னால் நீட்டிக்கொண்டே போகலாம். தமிழில் அத்தனை பேருக்கும் அத்தனை நிபந்தனைகளுக்கும் பிறகுதான் வினைமுற்று வருகிறது. வாசகர் அதுவரை ஒரு நம்பிக்கையைச் சுமந்துகொண்டே வருகிறார். ஆகவே அந்தக் கடைசிச் சொல்லின் எடை ஒரு குன்றிமணி அளவு கூடினாலும் குறைந்தாலும் செய்தியே பொய்யாகிவிடும். "கவனத்தில் கொள்வோம்" என்றால் அநேகமாக ஒன்றும் நடக்காது. "பரிசீலிப்போம்" அதைவிடச் சற்றுக் கனமானது. "ஆராய்ந்து வருகிறோம்" என்று நிகழ்காலத்தில் சொன்னால் அமைச்சில் யாரோ ஒருவருடைய மேசையில் கோப்பு திறந்திருக்கிறது என்று பொருள். "தற்போது அத்தகைய திட்டம் இல்லை" என்பதில் "தற்போது" என்ற சொல்லை விட்டுவிட்டால் அது மறுப்பு. சேர்த்துக்கொண்டால் அது ஒரு சாளரம். இடமில்லை என்று பக்க அமைப்பாளர் முதலில் வெட்டுவதும் அந்தச் சொல்லைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. 1990க்கு முன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய புளோக்குகள், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்கள், பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. நான்கைந்து மாடிகளுக்கு ஒன்றில் நின்றது, மீதியைப் படியேறிக் கடக்க வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. தகுதியுள்ள குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால் பணி தொடங்கும். ஆனால் சில புளோக்குகளின் கட்டமைப்பு, ஒரு வீட்டுக்கு ஆகும் செலவை வரம்புக்கு மேல் தள்ளிவிடும். அவற்றைப் பற்றி ஒரு துணைக் கேள்வி எழுந்தபோது, செலவைக் குறைக்கும் புதிய தொழில்நுட்ப முறைகள் உண்டா என்று ஆராயப்படும் எனப் பதில் வந்தது. நான் அந்த நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அலுவலகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்திருந்தது. "புதிய தொழில்நுட்ப முறைகளால் செலவு குறைக்கப்படும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். தலைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், விடுபட்ட புளோக்குகளுக்கும் வழி பிறந்துவிட்டதாகச் சொன்னது.

மறுநாள் காலை ஒரு மூதாட்டி அழைத்தார். "தம்பி, எங்க புளோக்குக்கு லிஃப்ட் எப்ப வரும்? எத்தனாவது மாசம்னு போட மறந்துட்டீங்க." அவர் இருந்தது ஏழாவது மாடி, மின்தூக்கி ஐந்தில் நிற்கும். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறைதான் கீழே இறங்குகிறாராம். வருவதாக அமைச்சர் சொல்லவில்லை, வழி இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் சொன்னார் என்று நான் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்கதான் வரும்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். அவருடைய எண்ணை என் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். திருத்தம் நான்காம் பக்கத்தில் நான்கு வரியில் வந்தது.

அதற்குப் பிறகு பதிலை எழுத உட்காரும்போதெல்லாம் வினைமுற்றை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, அதற்கு முன்னால் வரவேண்டியவற்றைப் பின்னர் அடுக்கும் பழக்கம் வந்தது.

வீடமைப்பில் வினைச்சொற்கள் மட்டுமல்ல, பெயர்ச்சொற்களும் வழுக்கும். 2017 மார்ச்சில், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், பழைய வீவக வீடுகள் எல்லாமே, அரசாங்கம் சில புளோக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்ப வாங்கும் செர்ஸ் திட்டத்தின்கீழ் வாங்கப்படும் என்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம் என எச்சரித்தார். 1995இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து 4 விழுக்காட்டு வீடுகளே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. மற்றவை 99 ஆண்டுக் குத்தகை முடிந்ததும் கழகத்திடம் திரும்பிவிடும். அதன்பின் நாடாளுமன்றத்தில் குத்தகை பற்றிய கேள்விகள் ஓயவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், குடியிருப்பாளர்கள் வாக்களித்து முன்கூட்டியே ஒப்படைக்கும் வெர்ஸ் திட்டத்தைப் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். என் சிக்கல் "குத்தகை" என்ற சொல்லிலேயே இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பங்களுக்குக் குத்தகை என்றால் பிறர் நிலத்தில் பயிர்வைப்பது. முப்பது ஆண்டுகள் மத்திய சேம நிதியிலிருந்து தவணை கட்டி, பத்திரம் வாங்கி, புதுமனை புகுவிழாவும் நடத்திய வீட்டைக் குத்தகை என்று நான் எழுதியதைத் தங்களை அவமதித்ததாகவே சிலர் எடுத்துக்கொண்டார்கள். "சொந்த வீடு" என்று எழுதச் சொல்லி எனக்குக் கடிதங்கள் வந்தன. அரசாங்கமும் வீட்டுரிமை என்றுதான் பல காலமாகப் பேசிவந்தது. நான் "குத்தகை"யையே வைத்துக்கொண்டேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் அந்தக் கடிதங்களில் இருந்த கோபம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன்.

தமிழ் வாசகர்களை இதைவிட நேரடியாகத் தொட்டது இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வசிக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது; இந்தியரும், "ஏனையோர்" எனப்படும் சீனர், மலாய்க்காரர் அல்லாத பிற இனத்தவரும் சேர்ந்து வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்க முனைந்தால், வாங்குபவரும் இந்தியராகவோ ஏனையோரைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். வாங்க வருபவர்கள் குறைவதால் விலையும் இறங்கும். இன நல்லிணக்கத்துக்கு இது தேவை என்று அமைச்சர்கள் மாறிமாறிச் சொன்ன விளக்கத்தை என்னால் மறுக்க முடிந்ததில்லை. விற்க முடியாமல் தவித்த வாசகர் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அந்த விளக்கம் பதிலாக இருந்ததும் இல்லை. 2022இல் இப்படிச் சிக்கிக்கொண்ட வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தபோது, பல ஆண்டுகளாகக் "கவனத்தில் கொள்வோம்" என்று எழுதிய கைக்கு "வாங்கிக்கொள்ளும்" என்று எழுதுவது புதிதாக இருந்தது.

போக்குவரத்தில் வேறு விதமான தொல்லை. 2011 டிசம்பர் 15, 17 ஆகிய தேதிகளில் வடக்கு-தெற்கு ரயில் பாதை செயலிழந்து, அடுத்த மாதம் அமைச்சர் லுய் டக் இயூ நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தபோதும் சரி, 2024 செப்டம்பர் 25 முதல் 30 வரை கிழக்கு-மேற்குப் பாதையில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ரயில்கள் நின்றுபோய், அக்டோபரில் அமைச்சர் சீ ஹொங் டாட் கேள்விகளை எதிர்கொண்டபோதும் சரி, பதில்களில் பாதி இயந்திரவியலாக இருந்தது. பின்னதில், ஒரு பழைய ரயிலின் சக்கர அச்சைத் தாங்கும் பெட்டி கழன்று விழ, அந்த ரயில் பணிமனைக்குத் திரும்பும் வழியில் 2.5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குத் தண்டவாளம் சேதமடைந்தது. அதை "அச்சுப்பெட்டி" என்று ஒரு சகா எழுதிவிட, "அச்சகத்துல இருக்குற பெட்டி ரயிலுக்கு அடியில எப்படி வந்துச்சு?" என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டு, சொல்லை விரித்து எழுதினோம். ஆனால் அந்தப் பதில்களில் என்னை உறுத்தியது செயப்பாட்டுவினை. "கண்டறியப்பட்டது", "சரிபார்க்கப்பட்டது" என்று அடுக்கும்போது செய்தவர் வாக்கியத்தைவிட்டு மறைந்துவிடுகிறார். விசாரணை முடியாதபோது யாரையும் சுட்டாமல் பேசுவது முறைதான். ஆயினும் சரிபார்த்தது ரயிலை இயக்கிய நிறுவனமா நிலப் போக்குவரத்து ஆணையமா என்று பதிலில் இருந்த இடங்களில்கூட எழுவாயை விட்டுவிட்டு எழுதும் சோம்பல் எங்களிடமும் இருந்தது.

சுற்றுப்புறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ("சுற்றுச்சூழல்" என்று தமிழ்நாட்டில் எழுதுவதை நாங்கள் "சுற்றுப்புறம்" என்றே எழுதிப் பழகினோம்.) 2019இல் ஒரு டன் கரிம வெளியேற்றத்துக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி 2024இல் 25 வெள்ளியாக உயர்ந்த கரிம வரியைப் பற்றி எத்தனை எழுதினாலும் அழைப்பு வராது, 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்கு 5 காசு என்றதும் தொலைபேசி ஓயாது. விதிவிலக்கு 2013 ஜூன் புகைமூட்டம். 21ஆம் தேதி நண்பகல் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அது மூன்று மணி நேரச் சராசரி. அரசாங்கத்தின் உடல்நல அறிவுரைகளோ 24 மணி நேரச் சராசரியை வைத்து அமைந்தவை. எதிர்ப் புளோக்கே கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் எந்தச் சராசரியை நம்புவது என்று மக்கள் கேட்டார்கள். அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனின் விளக்கங்களை எழுதும்போது இரண்டு எண்களையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்தால் குழப்பும், பிரித்துக் கொடுத்தால் ஒன்றை மறைத்ததுபோல் தோன்றும். கடைசியில் சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டோம்.

2020இல், மின்தூக்கி நிற்காத மாடிகளில் வசிக்கும் நடமாடச் சிரமப்படுவோர் வேறு வீட்டுக்கு மாறிச் செல்ல 30,000 வெள்ளி வரை மானியம் வந்தது. அத்தகைய புளோக்குகள் ஏறத்தாழ 150 எஞ்சியிருந்தன. குறிப்பேட்டின் பின்னட்டையைத் தேடி எடுத்து அந்த எண்ணை அழைத்தேன். சீன மொழியில் ஓர் இளைஞர் எடுத்தார்; எண் கைமாறிப் பல காலம் ஆகியிருந்தது. அன்று மாலை செய்தியின் முதல் வாக்கியத்தில், "இந்தப் புளோக்குகளுக்கு இப்போதைக்கு மின்தூக்கி வராது" என்று எழுதி, மானியத்தை இரண்டாம் வாக்கியத்துக்குத் தள்ளினேன். "இப்போதைக்கு" என்ற சொல்லை எடுத்துவிட்டால் தலைப்பு ஒரே வரியில் அடங்கும் என்றார் பக்க அமைப்பாளர். புதிய முறைகளைத் தேடுவதாக இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆகவே எடுக்கக் கூடாது என்றேன். எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து, தலைப்பை ஒரே வரியில் அடக்கினார்.